என்ஜினை இறக்கச் சொல்கிறாரா மெக்கானிக்? போர் பண்ணும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்!

“புகை தள்ளுது சார்... என்ஜினை இறக்கி போர் பண்ணணும்!”

டூவீலர் இருக்கும் எந்த வீட்டிலும் என்றாவது ஒருநாள் கேட்கும் வசனம் இது. பால் ஊற்றுபவர், பூ வியாபாரி, உணவு டெலிவரி செய்பவர் என வண்டியை நம்பிப் பிழைப்பவர்களுக்கு, அந்த மாத பட்ஜெட்டில் பெரிய துண்டு விழும் சமாசாரம்.

சரியாகச் செய்தால், போர் பண்ணிய பழைய என்ஜின் இன்னும் பல வருடங்கள் உழைக்கும். அளக்காமல் கண் மதிப்பில் செய்தால், சில மாதங்களிலேயே அதே என்ஜினை மறுபடி இறக்க வேண்டியிருக்கும். இதைத் தவிர்க்க நீங்கள் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. சில கருவிகளின் பெயரும், கையில் இருக்கும் போனின் கால்குலேட்டரும் போதும்!

நம் தெருக்களில் அதிகம் பார்க்கும் பழைய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

இறக்கும் முன் ஒரு டெஸ்ட்

சைலன்ஸரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஆனால், நீலப் புகை என்றாலே போர் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இரவு முழுக்க நின்ற வண்டியை காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் புகைந்து நின்றுவிட்டால், வால்வ் சீல் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அது சின்ன வேலை.

சந்தேகம் தீர கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் சூடாக இருக்கும்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜை மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்தபடி பலமுறை கிக்கரை உதைக்க வேண்டும். ரீடிங் குறைவாக இருந்தால், பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். இப்போது ரீடிங் நன்றாக ஏறினால் கோளாறு ரிங் அல்லது போரில். ஏறவில்லை என்றால் வால்விலோ, ஹெட் கேஸ்கெட்டிலோ இருக்கலாம். சில நிமிட வேலை. ஆனால், தேவையில்லாமல் என்ஜினை இறக்குவதை இது தடுத்துவிடும்.

டூல்ஸ் என்னென்ன?

ஸ்பேனர் செட், மேக்னெட் புல்லர், சர்கிளிப் பிளையர் எல்லாம் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இருக்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது அளக்கும் கருவிகளை.

* மைக்ரோமீட்டர்: பிஸ்டனின் வெளி விட்டத்தை அளக்க.
* போர் கேஜ்: சிலிண்டரின் உள் விட்டத்தை அளக்க.
* ஃபில்லர் கேஜ்: ரிங் இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடுகள்.
* டார்க் ரெஞ்ச்: நட்டுகளைச் சரியான இறுக்கத்தில் முடுக்க.

‘வெர்னியர் காலிப்பர் இருக்கே, போதாதா?’ என்று கேட்கலாம். போதாது. சாதாரண வெர்னியரில் படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு 0.02 மி.மீ. நாம் தேடும் இடைவெளியே 0.03 மி.மீ போலத்தான் இருக்கும். கிலோ கணக்கில் காய்கறி நிறுக்கும் தராசில் தங்கத்தை நிறுத்த கதையாகிவிடும்!

சி.சி எப்படி வருகிறது?

ஸ்பிளெண்டரின் போர் (சிலிண்டரின் விட்டம்) 50 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 49.5 மி.மீ. விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, 0.7854-ஆலும் ஸ்ட்ரோக்காலும் பெருக்குங்கள். வரும் விடையை 1,000-ஆல் வகுத்தால் சி.சி.

50 × 50 × 0.7854 × 49.5 ÷ 1,000 = 97.2 சி.சி.

பழைய புல்லட் 350-க்கு 70 மி.மீ போர், 90 மி.மீ ஸ்ட்ரோக். அதையும் போட்டுப் பாருங்கள், 346 சி.சி வரும்.

இப்போது ஸ்பிளெண்டரை 0.50 ஓவர்சைஸுக்கு போர் செய்தால் விட்டம் 50.5 மி.மீ. கணக்கு 99.1 சி.சி என்று வரும். 1.00 ஓவர்சைஸ் வரை போனாலும் 101.1 சி.சிதான். அதாவது, கூடுவது 4 சதவிகிதம். ‘பெரிய பிஸ்டன் போட்டா வண்டி பறக்கும்’ என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

எந்த சைஸ் பிஸ்டன்?

பணம் மிச்சமாவதும் வீணாவதும் இங்கேதான். பல வண்டிகளுக்கு 0.25, 0.50, 0.75, 1.00 என நான்கு ஓவர்சைஸ் பிஸ்டன்கள் உண்டு. நான்கு சைஸ் என்றால், உங்கள் பிளாக்குக்கு நான்கு வாய்ப்பு. அதற்குப் பிறகு ஸ்லீவ் மாற்ற வேண்டும், அல்லது புது பிளாக் வாங்க வேண்டும். தேவையில்லாமல் பெரிய சைஸுக்குத் தாவினால், மிச்சமிருக்கும் வாய்ப்புகள் வீண்.

அதற்காகச் சின்ன சைஸிலேயே நிற்கவும் முடியாது. சிலிண்டர் சுவரில் ஒரு பக்கம் 0.15 மி.மீ ஆழத்துக்குக் கீறல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை அழிக்க எல்லாப் பக்கமும் அதே அளவு கடைய வேண்டும். எனவே விட்டத்தில் கூடுவது 0.15 × 2 = 0.30 மி.மீ. இங்கே 0.25 பிஸ்டன் வாங்கினால் கீறல் மிஞ்சும். 0.50-தான் சரி.

ஆகவே, முதலில் சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்காக இரண்டு திசைகளில் அளக்க வேண்டும். மொத்தம் ஆறு ரீடிங். பிறகு பிஸ்டன் வாங்க வேண்டும். அதற்கும் பிறகுதான் லேத் பட்டறை. கடைசல்காரர் கையில் புது பிஸ்டன் இருந்தால்தான், அதை அளந்து அதற்கேற்ப போர் செய்ய முடியும். உதாரணமாக, பிஸ்டன் 50.47 மி.மீ, தேவையான இடைவெளி 0.03 மி.மீ என்றால், போர் 50.50 மி.மீ.

இந்த இடைவெளி ஏன்? பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் சுவர் வார்ப்பிரும்பு. சூடானால் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இடம் இல்லையென்றால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதுதான் ‘சீஸ்’ ஆவது. சரியான அளவு எது என்பதற்கு, உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலே இறுதித் தீர்ப்பு.

ஒரு எச்சரிக்கை: எல்லா பிளாக்கையும் போர் செய்ய முடியாது. யமஹா ஆர்15-ல் இருப்பது இரும்பு ஸ்லீவ் இல்லாத டயாசில் அலுமினிய சிலிண்டர். இப்படிப்பட்டவை தேய்ந்தால் பிளாக்கையே மாற்றுவதுதான் வழக்கம்.

ரிங்கும் நட்டும்

புது ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் இடையே ஃபில்லர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். விட்டத்தை 0.004-ஆல் பெருக்கினால் தோராயமான அளவு கிடைக்கும். 50 மி.மீ போருக்கு 0.20 மி.மீ. சிலிண்டரைவிட ரிங் 100 டிகிரி அதிகம் சூடானால், அதன் நீளம் சுமார் 0.17 மி.மீ கூடும். இடைவெளி இல்லையென்றால் முனைகள் முட்டி, புது போரிலேயே கீறல் விழும்.

அடுத்து இறுக்கம். 25 செ.மீ நீள ஸ்பேனரை 10 கிலோ விசையில் இழுத்தால் 0.25 × 10 = 2.5 கிலோகிராம் மீட்டர் டார்க். ஸ்பேனரில் பைப்பை மாட்டி 50 செ.மீ ஆக்கினால், அதே இழுப்பு 5 ஆகிவிடும். ஸ்டட் நீள்வதும், திரெட் போவதும் இப்படித்தான். ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்சால், குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று சுற்றுகளில் முடுக்குவதே முறை.

மறக்காமல் கேளுங்கள்!

* கம்ப்ரஷன் டெஸ்ட் செய்தீர்களா?
* சிலிண்டரின் ஆறு ரீடிங் என்ன?
* பிஸ்டன் அளவு என்ன, போர் செய்த அளவு என்ன?
* ரிங் இடைவெளி எவ்வளவு?
* ஹெட்டை டார்க் ரெஞ்சால் முடுக்கினீர்களா?

பதில்களை பில்லிலேயே எழுதி வாங்கி, போனில் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த முறை என்ஜின் இறக்கும்போது எந்த சைஸ் மிச்சம் இருக்கிறது என்று தெரியும். பழைய வண்டி வாங்கப் போகிறீர்களா? எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்டதும், ‘எந்த சைஸ் பிஸ்டன் கிடக்கு?’ என்றும் கேளுங்கள். 1.00 என்று பதில் வந்தால், அடுத்த செலவு பிளாக்குக்கே என்பதை நினைவில் வைத்து விலை பேசுங்கள்!