படிக்க வேண்டிய பட்டியல்

ஒரு விஞ்ஞானி எத்தனை ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார், எந்த இதழில் எழுதியிருக்கிறார், அவற்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் ஆகிய மூன்றும் தெரிந்தால் ஆளை எடைபோட்டுவிடலாம் என்ற நம்பிக்கை பல்கலைக்கழகங்களில் ஊறிப்போய்விட்டது. 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் இதை ஒரே எண்ணாகச் சுருக்கிக் கொடுத்தார். இருபது கட்டுரைகள் தலா இருபது முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உங்கள் எச்-இன்டெக்ஸ் 20. வேலை, பதவி உயர்வு, நிதி எல்லாவற்றிலும் இந்த எண் எட்டிப் பார்க்கிறது. இது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று சோதிக்க, 2025இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜப்பானிய நோயெதிர்ப்பியல் அறிஞர் ஷிமோன் சாகாகுச்சியின் வாழ்க்கையைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 1995ஆம் ஆண்டுக் கட்டுரை ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ போன்ற நட்சத்திர இதழ்களில் வரவில்லை. ‘தி ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி’ என்ற துறைசார் இதழில் வந்தது.

கதை அதற்கு முன்பே தொடங்குகிறது. நம் ரத்தத்தில் ஓடும் டி செல்கள் கிருமிகளை அடையாளம் கண்டு தாக்குபவை. அவை நம் உடலையே தாக்காமல் இருப்பது எப்படி? நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் டி செல்கள் முதிரும்போதே, சொந்த உடல்மீது பாயக்கூடியவை அழிக்கப்பட்டுவிடுகின்றன என்பது ஒரு விடை. அதிலும் தப்பி வெளியே வருபவற்றை அடக்கத் தனியாக ‘சப்ரஸர்’ செல்கள் உண்டு என்று 1970களில் ஒரு கொள்கை எழுந்தது. அதைப் பற்றிக் கட்டுரைகள் குவிந்தன. முன்னணி இதழ்கள் பக்கங்களை வாரி வழங்கின. அந்தச் செல்களின் முத்திரையாகச் சொல்லப்பட்ட ‘ஐ-ஜே’ மூலக்கூறுக்கான மரபணுவை 1980களின் தொடக்கத்தில் சுண்டெலியின் டி.என்.ஏ.வில் தேடினார்கள். இருக்க வேண்டிய இடத்தில் அப்படி ஒரு மரபணுவே இல்லை. துறை ஒரேயடியாகச் சரிந்தது. ‘சப்ரஸர்’ என்று உச்சரித்தாலே முகம் சுளிக்கும் காலம் வந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அந்தக் குவியல் ஒரு மாபெரும் வெற்றி.

சாகாகுச்சி பிடித்துக்கொண்ட நூல் வேறு. நகோயாவில் உள்ள ஐச்சி புற்றுநோய் மையத்தில் யசுவாகி நிஷிசுகாவும் தெருயோ சகாகுராவும் 1969இல் ஒரு விந்தையைப் பதிவு செய்திருந்தார்கள். பிறந்த மூன்றாம் நாள் பெண் சுண்டெலியின் தைமஸை எடுத்துவிட்டால் அதன் சினைப்பை அழிகிறது; ஏழாம் நாள் எடுத்தால் ஒன்றும் ஆவதில்லை. டி செல்களின் ஊற்றையே அடைத்தால் எதிர்ப்பாற்றல் குறையத்தானே வேண்டும், உடல் ஏன் தன்னையே தாக்குகிறது? நிஷிசுகாவிடம் போய்ச் சேர்ந்த சாகாகுச்சி, நலமான சுண்டெலிகளின் டி செல்களை அந்தச் சுண்டெலிகளுக்கு ஏற்றிப் பார்த்தார். நோய் வரவில்லை. ஆக, டி செல்களுக்குள்ளேயே காவலர்கள் இருக்கிறார்கள். யார் அவர்கள்? 1985இல் ஒரு கட்டுரை கொஞ்சம் நெருங்கியது. 1995இல் மனைவி நோரிகோ உள்ளிட்ட நால்வருடன் எழுதிய கட்டுரை ஆளைக் காட்டிக்கொடுத்தது. சிடி4 வகை டி செல்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, தன் மேற்பரப்பில் சிடி25 என்ற புரதத்தைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பங்கை நீக்கிவிட்டு மிச்சத்தைத் தைமஸ் இல்லாத சுண்டெலிக்கு ஏற்றினால் தைராய்டும் இரைப்பையும் புண்ணாகின்றன. நீக்கியதைத் தாமதமின்றித் திருப்பிக் கொடுத்தால் நோய் தடுக்கப்படுகிறது.

இங்கே நியாயமான ஓர் ஆட்சேபம் எழும். பிடிவாதம் பலித்ததால் பாராட்டுகிறீர்கள்; பலிக்காத பிடிவாதக்காரர்கள் எத்தனை பேரோ, அவர்களுக்கும் பணம் கொடுத்துக்கொண்டே இருக்க முடியுமா? முடியாதுதான். ஆனால் சாகாகுச்சியைப் பிரித்துக் காட்டுவது பிடிவாதம் அல்ல, சோதனையின் கட்டமைப்பு. சப்ரஸர் கட்டுரைகள் பலவும், யாராலும் தூய வடிவில் பிரித்தெடுக்க முடியாத கரைபொருள்களை நம்பி நின்றன. இவரோ செல்களை எடுத்தார், நோய் வந்தது. திருப்பி வைத்தார், நோய் வரவில்லை. விளைவு பிறகு சரியென்று நிரூபணமாகட்டும் ஆகாமல் போகட்டும், இது பதில் தரக்கூடிய கேள்வி என்பது 1985லேயே தெரிந்திருக்கும். கட்டுரையைப் படித்தவருக்குத் தெரிந்திருக்கும், எண்ணியவருக்கு அல்ல.

1995 கட்டுரையை இன்று ஆயிரக்கணக்கானோர் மேற்கோள் காட்டியிருக்கிறார்களே, எண் கடைசியில் சரியாகத்தானே சொல்கிறது என்பார்கள். கடைசியில் சொல்கிறது, உண்மை. வேலையும் நிதியும் தேவைப்படும் வருடத்தில் அது வாய் திறப்பதில்லை. தவிர, சிலர் விஷயத்தில் அது கடைசிவரை திறப்பதே இல்லை. பரிசைப் பகிர்ந்துகொண்ட மேரி பிரன்கோவையும் பிரெட் ராம்ஸ்டெலையும் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மருந்து ஆய்வு நிறுவனத்தில் இருந்தபடி, ‘ஸ்கர்ஃபி’ என்ற சுண்டெலி வகையில் ஆண் குட்டிகள் சில வாரங்களில் மடிவது ஏன் என்று தேடினார்கள். எக்ஸ் குரோமோசோமில் தேடும் இடத்தைச் சுருக்கிச் சுருக்கி 20 மரபணுக்கள்வரை கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்ததில், பிழை இருந்தது கடைசியான இருபதாவதில். ஃபாக்ஸ்பி3 என்று பெயரிடப்பட்ட அந்த மரபணுதான் சாகாகுச்சியின் காவல் செல்களை உருவாக்கும் திறவுகோல் என்பது 2003இல் தெளிவானது. பிரன்கோவின் பெயரில் உள்ள கட்டுரைப் பட்டியலோ ஒரு பேராசிரியரின் பட்டியல்போல நீண்டதல்ல. எச்-இன்டெக்ஸை வைத்து நோபல் கொடுப்பதென்றால் அவர் வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.

வலுவான எதிர்வாதம் இன்னொன்று இருக்கிறது. எண்ணை விட்டால் சிபாரிசு உள்ளே வரும். படித்து மதிப்பிடுகிறேன் என்ற பெயரில் தனக்கு வேண்டியவரைத் தேர்ந்தெடுப்பவர் எல்லா நாட்டிலும் உண்டு. யாருடைய பின்புலமும் இல்லாத இளைஞருக்கு எண்தான் சாட்சி. இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் எண்ணையும் வளைக்கலாம் என்பதை மறந்துவிடுகிறோம். ஒரு முடிவை நான்காக வெட்டி நான்கு கட்டுரையாக்கலாம், நண்பர்கள் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொள்ளலாம். சிபாரிசுக்கு மாற்று, படித்தவர்கள் தங்கள் காரணத்தை எழுத்தில் கொடுப்பது. ஜெர்மனியின் ஆராய்ச்சி நிதி அமைப்பு 2010இல், விண்ணப்பதாரர் தன் வாழ்க்கைக் குறிப்பில் ஐந்து கட்டுரைகளுக்கு மேல் காட்டக் கூடாது என்று விதித்தது. ஐந்து என்றால் படித்துவிடலாம். சாகாகுச்சி 1996இல் அப்படி ஒரு விண்ணப்பம் போட்டிருந்தால் 1985ம் 1995ம் நிச்சயம் அதில் இருந்திருக்கும். எடுத்ததும் திருப்பி வைத்ததும் என்ன காட்டுகிறது என்று யோசிக்க மதிப்பீட்டாளருக்கு ஒரு மாலைப்பொழுது ஆகியிருக்கும். அந்த நேரத்துக்கு அவருக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதைத்தான் எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் தன் பட்ஜெட்டில் எழுதக் காணோம்.