அம்மா யாருக்காகக் கும்பிடுறாங்க?

உங்க காலேஜ் பையைக் கொஞ்சம் கவுத்துப் பாருங்க. நோட்டு, பேனா, சார்ஜர், கசங்கின பஸ் டிக்கெட்... எல்லாத்துக்கும் அடியில ஒரு சின்ன விபூதிப் பொட்டலம் விழுதா? நீங்க வைக்கலை. அம்மா வெச்சது!

கெடார்ல காலையில விழுப்புரம் பஸ்ஸுக்கு ஓடுற பசங்களுக்கு இது தினசரிக் காட்சி. டிபன் பாக்ஸ் நீட்டுற கையாலயே நெத்தியில ஒரு கீத்து விபூதி. சில வீட்டுல ஜெபம், சில வீட்டுல துஆ. "ஐயோ விடும்மா, ஃப்ரெண்ட்ஸ் பார்க்கிறாங்க!"ன்னு நெளிவோம். பஸ் திரும்பினதும் துடைச்சும் விடுவோம்.

வீட்டுல கஷ்டம் வந்தப்பவும், அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்பவும் அதே அம்மா அதே விளக்கை ஏத்துறதைப் பார்த்து, "அந்தச் சாமி உனக்கு என்னதான் செஞ்சுது?"ன்னு கோபமா கேட்டிருப்பீங்க. நியாயமான கேள்விதான். பதில் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். கெடார்ல ஏறி விழுப்புரத்துல மாறினா பண்ருட்டி. அதை ஒட்டியே திருவதிகை. 1993 வரைக்கும் எல்லாமே ஒரே தென்னாற்காடு மாவட்டம்தான்!

அக்காதான் அம்மா

சுமார் 1400 வருஷத்துக்கு முன்னால, பண்ருட்டி பக்கம் திருவாமூரில் ஒரு குடும்பம். அப்பா புகழனார், அம்மா மாதினியார். மகள் திலகவதி, மகன் மருள்நீக்கியார். 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணம் சொல்லும் கதை இது.

திலகவதிக்குக் கலிப்பகையார் என்ற தளபதியை நிச்சயம் செய்தார்கள். அவர் போருக்குப் போனார். இங்கே அப்பா நோயில் இறந்தார். அம்மாவும் போய்விட்டார். அடுத்து வந்தது, கலிப்பகையார் போரில் இறந்த செய்தி. அடிமேல் அடி! இனி வாழ வேண்டாம் என்று முடிவெடுத்த அக்காவின் காலில் விழுந்து தம்பி அழுதான். அந்தத் தம்பிக்காகத் திலகவதி உயிரோடு இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. தம்பிக்கு இனிமேல் அக்காதான் அம்மா.

வளர்ந்த தம்பி என்ன செய்தார்? நம்மள மாதிரியே ஆயிரம் கேள்வி கேட்டார். வீட்டை விட்டுக் கிளம்பினார். இன்று கடலூரில் இருக்கும் திருப்பாதிரிப்புலியூருக்குப் போய், சமணப் பள்ளியில் சேர்ந்து, நிறையப் படித்து, தருமசேனர் என்ற பெயரோடு பெரிய ஆளானார். சமணத்துக்குப் போனது தப்புன்னு சொல்ல வரலை. நம்ம விழுப்புரம் மாவட்டத்து மேல்சித்தாமூர்ல தமிழ்ச் சமணர்களோட மடம் இன்னைக்கும் இருக்கு. அந்த வீட்டு அம்மாக்களும் பிள்ளைகளுக்காக வேண்டிக்கிறவங்கதான். இங்க விஷயம், அக்கா தனியாயிட்டாங்க!

அக்கா திருவதிகைக்கு வந்தார். கெடிலக்கரைச் சிவன் கோயிலில் தினமும் வாசல் கூட்டினார், சாணம் மெழுகினார், பூப்பறித்து மாலை கட்டினார். தம்பி திரும்பி வரணும் என்று வேண்டினார். எத்தனை வருஷம் ஆனாலும் அந்த வேலை நிற்கவில்லை.

ஒருநாள் தம்பிக்குத் தாங்க முடியாத வயிற்றுவலி. சூலை நோய். எந்த வைத்தியமும் பலிக்கவில்லை. அக்காவைக் கூட்டி வர ஆள் அனுப்பினார். "அங்கே வர மாட்டேன்" என்றார் அக்கா. அன்று ராத்திரியே தம்பி திருவதிகைக்கு வந்து அக்கா காலில் விழுந்தார். "அன்னைக்கே சொன்னேனே"ன்னு அக்கா ஆரம்பிக்கலை! திருநீறு கொடுத்தார். விடியற்காலையில் விளக்குமாறும் சாணமும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகும்போது தம்பியையும் கூடவே கூட்டிப்போனார். அங்கே பாடிய பாட்டில் வலி தீர்ந்தது என்கிறது புராணம்.

அந்தத் தம்பிதான் திருநாவுக்கரசர். அப்பா இல்லாமல் வளர்ந்த அவரைத்தான் பின்னாளில் சம்பந்தர் 'அப்பரே' என்று கூப்பிட்டார்! அதன்பிறகு ஊர் ஊராக நடந்த அப்பர் கையில் இருந்தது உழவாரம். கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கும் கருவி. அக்கா கூட்டினாங்க, தம்பி செதுக்கினார். அக்கா அட்வைஸ் பண்ணிக் கத்துக்கொடுத்தது இல்லை, செஞ்சு காட்டினது!

கடலுக்கு அந்தப் பக்கமும்...

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிற கதைன்னு நினைக்காதீங்க. அப்பருக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னால், இன்றைய அல்ஜீரியாவில் மோனிக்கா என்று ஒரு அம்மா. மகன் அகஸ்டின், கி.பி. 354-ல் பிறந்தவர். படிப்பில் புலி. அம்மாவின் வேதத்தைப் புரட்டிப் பார்த்து, "ப்ச்... இவ்வளவுதானா?" என்று மூடி வைத்தவர். 383-ல் "ஃப்ரெண்டை வழியனுப்பிட்டு வரேன்"னு அம்மாவிடம் பொய் சொல்லி, ராத்திரி அம்மா ஜெபத்தில் இருந்த நேரம் பார்த்து ரோமுக்குக் கப்பல் ஏறிவிட்டார்!

அம்மா விடுவாங்களா? கடல் தாண்டி மிலான் வரைக்கும் போனார். 387-ல் மகன் அங்கே ஞானஸ்நானம் வாங்கினார். ஊர் திரும்பும் வழியில், அதே வருஷம், ஆஸ்டியா துறைமுகத்தில் மோனிக்கா இறந்தார். உடம்பை எங்கே வேணும்னாலும் புதைங்க, ஜெபத்தில் மட்டும் நினைச்சுக்கோங்க என்பதுதான் அவர் கேட்டது. எல்லாத்தையும், தான் சொன்ன பொய்யையும் சேர்த்து, அகஸ்டினே எழுதி வைத்திருக்கிறார்.

அப்ப ஆறுதல்னா என்ன?

கவனிச்சீங்களா? கலிப்பகையார் திரும்பி வரலை. மோனிக்கா சொந்த ஊர் போய்ச் சேரலை. கும்பிட்டா லைஃப் ஸ்மூத்தாயிடும்னு ரெண்டு கதையும் சொல்லலை. அவங்களுக்குக் கிடைச்சது, மறுநாள் காலையில எழுந்திரிக்க ஒரு காரணம். கூட்டுறதுக்கு ஒரு வாசல். சொல்லி அழ ஒருத்தர். அந்த பலத்துலதான் அவங்க மனசுக் கதவைச் சாத்தாம வெச்சிருந்தாங்க. தம்பி நடுராத்திரி வந்து நின்னப்போ அது திறந்திருந்தது.

"அந்தச் சாமி உனக்கு என்ன செஞ்சுது?"ன்னு கேட்டீங்களே... இத்தனை கஷ்டத்துலயும் அம்மா உடைஞ்சு போகாம நிக்கிறாங்களே, அவங்களைக் கேட்டா அதுதான்னு சொல்வாங்க.

நீங்களும் கும்பிட்டே ஆகணும்னு சொல்லலை. அது உங்க இஷ்டம். அடுத்த லீவுல அம்மாவைத் திருவதிகைக்குக் கூட்டிட்டுப் போங்க. திலகவதியாருக்கும் அங்கே சன்னதி இருக்கு. திரும்பி வரும்போது பஸ்ல, "என்னம்மா வேண்டிக்கிட்டே?"ன்னு மெதுவா கேளுங்க. உங்க அரியர், தங்கச்சி கல்யாணம், அப்பா முட்டிவலின்னு லிஸ்ட் நீளும். அதுல அம்மாவுக்குன்னு ஒண்ணுமே இருக்காது.

அந்த ஒண்ணை நீங்க வேண்டிக்கோங்க!