இரண்டு மணிக்கு மேல் காற்றாடி போடலாமா?

ஆயர் ஈத்தாமில் அம்மா தனியாக இருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குப் போன மாதம் ஒரு புதன்கிழமை மதியம் போயிருந்தேன். கதவைத் திறந்ததும் அனல் அடித்தது. சன்னல்கள் திறந்திருந்தன. காற்றாடி நின்றிருந்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, பழைய நாட்காட்டி அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

“காத்தாடி கெட்டுப் போச்சாம்மா?”

“கெடலைம்மா. ரெண்டு மணியிலேர்ந்து பத்து மணி வரைக்கும் கரண்டு விலை ஜாஸ்தின்னு நீதானே ரேடியோவுல சொன்னே?”

சொன்னேன்தான். நேரம் சார்ந்த மின்கட்டணத் திட்டத்தைப் பற்றி என் காலை நிகழ்ச்சியில் மூன்று நிமிடம் பேசினேன். அம்மாவின் மீட்டரை அந்தத் திட்டத்துக்கு மாற்றிக் கொடுத்ததும் நான்தான். ஆனால், விலை எவ்வளவு கூடுகிறது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்தக் கணக்கைத்தான் இந்த வாரம் உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்கப் போகிறேன்.

2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் புதிய மின்கட்டண முறை நடப்பில் இருக்கிறது. முன்பெல்லாம் முதல் 200 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த 100 யூனிட்டுக்கு வேறொரு விலை என்று படிப்படியாக ஏறும். இப்போது பில் பல கூறுகளாகப் பிரிந்து வருகிறது. மாதம் 1500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு மின்சாரத்தின் விலை யூனிட்டுக்கு 27.03 சென். மின் நிலையங்களைத் தயார்நிலையில் வைத்திருக்க 4.55 சென். கம்பி, கம்பம், துணைமின் நிலையம் ஆகியவற்றுக்கு 12.85 சென். இது பொதுத் திட்டம். எந்த நேரத்தில் விசையைத் தட்டினாலும் ஒரே விலை.

இன்னொன்று நேரம் சார்ந்த திட்டம். திங்கள் முதல் வெள்ளி வரை, பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை உச்ச நேரம். அப்போது மின்சாரத்தின் விலை 28.52 சென். மற்ற நேரங்களிலும், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் முழுவதும் 24.43 சென். கம்பிக்கும் மின் நிலையத்துக்குமான கட்டணங்கள் இரண்டு திட்டத்திலும் ஒன்றே. ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட வீடுகள், விரும்பினால் இதற்கு மாறிக்கொள்ளலாம். கட்டாயமில்லை.

இப்போது காற்றாடிக்கு வருவோம். பொதுத் திட்டத்தோடு ஒப்பிட்டால் உச்ச நேரத்தில் ஒரு யூனிட்டுக்கு நாம் கூடுதலாகக் கொடுப்பது 1.49 சென். 60 வாட் காற்றாடி எட்டு மணி நேரம் சுழன்றால் அரை யூனிட்கூட ஆகாது. கூடுதல் செலவு நாளுக்கு ஒரு சென்னுக்கும் குறைவு. மாதத்தில் 22 வேலை நாள்கள் என்று வைத்தால் ஏறத்தாழ 16 சென்.

அந்த 16 சென்னுக்காக என் அம்மா வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சரி, அப்படியென்றால் எந்தத் திட்டம் யாருக்கு நல்லது? “நாங்கள் வேலை முடிந்து வீடு வருவதே ஆறு மணிக்கு. சமையல், துணி துவைப்பது, பிள்ளைகள் குளிப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். எங்களுக்கு இது ஒத்துவராது” என்று பல நேயர்கள் சொல்கிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் கணக்கு வேறு மாதிரி பேசுகிறது.

உச்ச நேரத்தில் யூனிட்டுக்கு 1.49 சென் இழக்கிறோம். மற்ற நேரத்தில் 2.60 சென் மிச்சம் பிடிக்கிறோம். வரவும் இழப்பும் சமமாகும் இடம் எது என்று பார்த்தால், மொத்தப் பயன்பாட்டில் ஏறத்தாழ 64 விழுக்காடு உச்ச நேரத்தில் விழும்போதுதான். அதற்குக் கீழே இருக்கும்வரை புதிய திட்டம் மலிவு.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் உச்ச நேரம் 40 மணி மட்டுமே. குளிர்பதனப் பெட்டி இரவு பகல் பாராமல் ஓடுகிறது. படுக்கையறை ஏர்கோன் பெரும்பாலும் பத்து மணிக்கு மேல்தான் ஓடுகிறது. சனி, ஞாயிறு முழுக்க வீட்டில்தான் இருக்கிறோம். எனவே, எதையும் மாற்றாமல் வழக்கம்போல் வாழும் குடும்பங்களிலும் பெரும்பாலானவை 64 விழுக்காட்டைத் தொடாது. வேலை நாள்களில் மதியம் முதல் இரவு வரை வரவேற்பறையில் ஏர்கோன் போட்டு டியூஷன் நடத்துபவர், வார இறுதியில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கம்பத்துக்குப் போய்விடுபவர் போன்றவர்களுக்குத்தான் பொதுத் திட்டம் பாதுகாப்பு.

மிச்சம் எவ்வளவு? மாதம் 400 யூனிட் பயன்படுத்தும் வீட்டை எடுத்துக்கொள்வோம். பொதுத் திட்டத்தில் மின்சாரத்துக்கு மட்டும் 108 ரிங்கிட் 12 சென். நேரம் சார்ந்த திட்டத்தில் 40 விழுக்காடு உச்ச நேரத்தில் விழுந்தால் 104 ரிங்கிட் 26 சென். அதை 25 விழுக்காடாகக் குறைத்தால் 101 ரிங்கிட் 81 சென். 70 விழுக்காடு வரை ஏறிவிட்டால் 109 ரிங்கிட் 17 சென். அதாவது நாலிலிருந்து ஆறு ரிங்கிட் வரை லாபம். மோசமாகப் போனால் ஒரு ரிங்கிட் நட்டம். இரவில் மின்சாரக் கார் சார்ஜ் செய்பவர்களுக்கு லாபம் இதைவிடக் கூடும்.

உண்மையில் பணம் கரையும் இடம் வேறு. அது 600 யூனிட் என்ற கோடு. மாதப் பயன்பாடு அதைத் தாண்டினால் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் வந்து சேரும். எரிபொருள் விலைக்கேற்ப மாதந்தோறும் மாறும் சரிக்கட்டும் கட்டணமும் பில்லில் ஏறும். 600க்குள் இருக்கும் வீடுகளுக்கு இவை இரண்டும் இல்லை. 1000 யூனிட் வரை கிடைக்கும் சிக்கன ஊக்கத்தொகையும் பயன்பாடு கூடக் கூடச் சுருங்கும். 200 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு யூனிட்டுக்கு 25 சென் கழிவு. 600ஐ நெருங்கும்போது அது 9 சென்னாகிவிடும். ஆகவே 590இல் நிற்பதா 610இல் நிற்பதா என்பது, எந்தத் திட்டம் என்பதைவிடப் பெரிய கேள்வி.

“மாறும் விலை” என்றதும் சிலருக்கு நினைவுக்கு வருவது அமெரிக்காவின் டெக்சஸ். 2021 பிப்ரவரி பனிப்புயலின்போது அங்கே மொத்தச் சந்தை விலையில் மின்சாரம் வாங்கிய வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. ஒரு யூனிட் 9 டாலர் வரை போனது. நம் திட்டம் அப்படியல்ல. இரண்டு விலைகளும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டவை. இங்கே மாதாமாதம் அசைவது அந்தச் சரிக்கட்டும் கட்டணம்தான். அதுவும் அரசாங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் யூனிட்டுக்கு 3 சென்னுக்கு மேல் போகாது. பொதுத் திட்டத்தில் இருந்தாலும் 600ஐத் தாண்டியவர்களை அது விடாது.

எனவே முடிவெடுக்கும் முன் கடைசி மூன்று பில்களை எடுத்து, மொத்த யூனிட் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் மைடிஎன்பி செயலியில் அன்றாடப் பயன்பாடும் தெரியும். பிறகு, வேலை நாள் மதியத்திலிருந்து இரவுவரை வீட்டில் எது அதிகம் ஓடுகிறது என்று யோசியுங்கள். துணி துவைப்பதையும் இஸ்திரி போடுவதையும் சனிக்கிழமைக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். முடியாவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

முக்கியமாக, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வெறுமனே “விலை கூடும் நேரம்” என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எவ்வளவு கூடும் என்பதைச் சென் கணக்கில் சொல்லுங்கள். கஷ்ட காலத்தில் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். நாம் சொல்வதற்கு மேலேயே சிக்கனம் பிடிப்பார்கள். இந்த வெயிலில் அது உடம்புக்கு ஆகாது.

அன்று நான் பில்லின் பின்பக்கத்திலேயே கணக்கை எழுதிக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

“மாசத்துக்குப் பதினாறு சென்னா? இதை மொதல்லயே ரேடியோவுல சொல்லியிருக்கலாம்ல?”

எழுந்துபோய்க் காற்றாடியை மூன்றாம் எண்ணில் வைத்தார். அடுத்த நாள் காலை நிகழ்ச்சியில் முதல் வேலையாக அதைச் சொன்னேன்.