பாலமும் நீர்க்கோபுரமும்: ஒரு சிவில் பொறியியலாளரின் பணி

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் மேட்டில் ஒரு தொட்டியைக் கட்டினால் போதும். தண்ணீர் கீழே உள்ள வீடுகளுக்குத் தானாகவே இறங்கிவிடும். சமவெளியில் அப்படிப்பட்ட மேடு கிடையாது. ஆகவே பொறியியலாளர் தூண்களை எழுப்பி, அவற்றின்மேல் தொட்டியை அமர்த்துகிறார். நீர்க்கோபுரம் என்பது மனிதன் கட்டிய குன்றுதான். ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்திற்கும் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் கிடைக்கிறது. ஆனால் 500 கனமீட்டர் தண்ணீரின் எடை 500 டன்! அதை அடித்தளம் தாங்க வேண்டும். தொட்டி காலியாக இருக்கும்போது காற்று கோபுரத்தைச் சாய்த்துவிடவும் கூடாது.

பாலத்தில் வாகனங்களின் எடையைக் கணிப்பது எளிது. ஆற்றைக் கணிப்பதுதான் கடினம். '100 ஆண்டு வெள்ளம்' என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வரும் என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வோர் ஆண்டும் அது வர 1 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். 50 ஆண்டு நிற்கும் பாலம் அதைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு.

அந்தக் கணக்கும் மலை மாறாமல் இருந்தால்தான் பொருந்தும். ரிங்லெட்டில் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணை 1963இல் நிறைவு பெற்றது. பின்னாளில் காய்கறித் தோட்டங்களுக்கும் கட்டடங்களுக்கும் சரிவுகள் வெட்டப்பட, மழையில் கரைந்த மண் நீர்த்தேக்கத்தில் படிந்தது. நீர் தங்கும் இடம் குறைந்தது. 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. அணை உடையவில்லை. அதைச் சுற்றியிருந்த மலைதான் மாறியிருந்தது.

இத்துறைக்கு வர விரும்பும் தம்பி தங்கைகளே, நான்காண்டுப் பட்டம் தொடக்கம் மட்டுமே. மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிந்து, குறைந்தது மூன்றாண்டு அனுபவம் பெற்று, தொழில்முறைத் தேர்வில் தேற வேண்டும். வரைபடங்களில் கையெழுத்திட்டுச் சமர்ப்பிக்கத் தொழில் நடத்தும் சான்றிதழும் வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் மக்கள் பாலத்தைக் கடக்கிறார்கள்.

கணிதமும் இயற்பியலும் நம்மைப் பல்கலைக்கழகத்திற்குள் கொண்டுவரும். ஆற்றங்கரைக்குப் போனால், "அன்று தண்ணீர் எதுவரை ஏறியது, பாட்டி?" என்று கேட்கவும் தெரிய வேண்டும். தோட்டத்து முதியவர் சுவரில் கைவைத்துக் காட்டும் அந்த உயரம் பதிவேட்டில் இல்லாமல் இருக்கலாம். அதைத் தமிழில் கேட்டறிய நம்மால் முடியும்.