மாளிகையும் லயமும்

கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதம் ஹட்டனையும் நானுஓயாவையும் கடந்து, மூச்சிரைக்க ஏறிப் பட்டிப்பொலவை அடைகிறது. சுமார் 6,200 அடி உயரத்திலுள்ள இந்நிலையமே இலங்கை இருப்புப்பாதையில் மிக உயர்ந்தது. நானுஓயாவிலிருந்து ஹப்புத்தளை வரையுள்ள பாதை 1893இல் திறக்கப்பட்டது. வழிநெடுக இருவகைக் கட்டடங்கள் கண்ணிற்படும்: குன்றின் மேல் துரைமார் பங்களா, சரிவில் நீண்டு கிடக்கும் லயம்.

நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவுக்குச் செல்வோர் முதல்வகையின் முழு எழிலையும் காணலாம். 1894இல் எழுந்த செங்கல் தபாற்கந்தோர், மணிக்கூட்டுக் கோபுரத்துடன் அஞ்சலட்டைப் படம்போல நிற்கிறது. ஆள்பதி எட்வர்ட் பார்ன்ஸின் உறைவிடமே பின்னர் கிராண்ட் ஹோட்டலாயிற்று. வெண்சுவரில் கரிய மரச்சட்டங்கள் தெரியும்படி கட்டுவது பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பாணி. குளிர்நாட்டை விட்டு வந்தவர்கள் ஊர்நினைவைச் சுவராக எழுப்பிக்கொண்டனர் எனலாம்.

குடியேற்றக்காரரின் வண்ணக்கட்டடங்களுக்கு உலகப் புகழ் பெற்றது கரீபியன் தீவாகிய குராசோவின் வில்லெம்ஸ்டாட் நகரம். வெள்ளைச் சுவரின் கூச்சம் தலைவலி தருகிறதென்று 1817இல் ஆள்பதி கிக்கர்ட் பிற நிறங்களைப் பூசச் சொன்னாராம். தலைவலி மெய்யோ பொய்யோ, மஞ்சளும் நீலமுமாக ஒளிரும் அந்நகரை யுனெஸ்கோ 1997இல் உலக மரபுரிமையாக ஏற்றது.

அத்தீவை ஆண்ட ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தையும் 1796 வரை ஆண்டவர்கள். மலைநாட்டில் அவர்கள் கட்டிய வீடு ஒன்றேனும் இல்லை. ஆனால் அவர்களது சொல் உண்டு. லயத்தின் முன்திண்ணையைத் தொழிலாளர் ‘இஸ்தோப்பு’ என்கின்றனர்; அது ஒல்லாந்தச் சொல். உள்ளறையாகிய ‘காம்பரா’வோ போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. ‘லயம்’ ஆங்கிலேயரின் ‘லைன்’. மூன்று ஆட்சிகளின் சொற்களும் ஒரே தகரக் கூரையின் கீழ்க் குடியிருக்கின்றன! பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அக்காம்பராவிலேதான் சமையல், படுக்கை, பேறுகாலம், துக்கம் யாவும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் பின்சுவரில் சாளரம் வைக்கவும் வழியில்லை.

தபாற்கந்தோரை ஹோட்டலாக்கும் முயற்சியை எதிர்த்து 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். மரபுச் சின்னத்தைக் காக்க எழுந்த அக்குரல் நியாயமானதே. லயமும் அதே ஆட்சி கட்டியதுதான். அதைக் காக்கும்படி எவரும் கேட்பதில்லை. அதில் வாழ்வோர் கேட்பது காணியும் தனிவீடும். சில தோட்டங்களில் அவ்வீடுகள் எழுந்துள்ளன. அவற்றிற்குப் பச்சையும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக, குடியிருப்போரே விரும்பிய நிறத்தைப் பூசிக்கொள்கின்றனர். ஏனைய இடங்களில், மழைக்காலத்தில் தகரத்தின் ஓட்டைக்கு நேரே இன்றும் பாத்திரம் வைக்கப்படுகிறது.