ஒல்லி சுருட்டு நாக்கைக் கடிக்கும்... குண்டு சுருட்டு சாதுவா இருக்கும்... அது எப்படி?

ஆவடி:

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் நிற்கும் பெட்டிக்கடை ஆகட்டும், பூந்தமல்லி பஸ் நிலையம் பக்கத்து டீக்கடை ஆகட்டும், பீடிக்கட்டுக்கும் சிகரெட் பாக்கெட்டுக்கும் நடுவே ஒரு ஓரமாக சுருட்டும் இருக்கும். வாங்குவது பெரும்பாலும் நம்ம ஏரியா பெருசுகள்தான். ஆடி மாதம் வந்தால் மட்டும் சின்ன பசங்களும் வந்து கேட்பார்கள். குடிக்க அல்ல, முனீஸ்வரனுக்கு படையல் போட!

இந்த பெருசுகளிடம் ஒரு தீராத பஞ்சாயத்து உண்டு. "ஒல்லி சுருட்டு நாக்கைக் கடிக்கும்ப்பா, தடி சுருட்டுதான் சாது" என்பது ஒரு கட்சி. "எல்லாம் ஒரே புகையிலைதானே, குண்டா இருந்தா என்ன, ஒல்லியா இருந்தா என்ன" என்பது எதிர்க்கட்சி.

உண்மையில் முதல் கட்சி சொல்வதில் விஷயம் இருக்கிறது.

விறகு அடுப்பு எரித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். சுள்ளியை வைத்தால் குபீர் என்று பிடித்து படபடவென எரியும். தடிக்கட்டையை வைத்தால் கங்கு பிடித்து நிதானமாகக் கனியும். சுருட்டும் அப்படித்தான். ஒல்லி சுருட்டில் நெருப்பு முனை சின்னது. ஒரு இழுப்பு இழுத்தால் மொத்த காற்றும் அந்த சின்ன கங்கு வழியாகத்தான் பாய வேண்டும். கங்கு சூடேறும், புகை சுடும், நாக்கில் சுர்ரென்று ஏறும். குண்டு சுருட்டில் கங்கு அகலம் என்பதால் அதே இழுப்புக்கு அவ்வளவு சூடு ஏறாது.

இன்னொரு காரணம் மேல் இலை. சுருட்டுக்கு மூன்று பாகம். உள்ளே திணிக்கும் இலை, அதைக் கட்டும் இலை, அழகுக்கும் வாசனைக்கும் மேலே சுற்றும் இலை. முறுகல் தோசையையும் ஊத்தப்பத்தையும் நினைத்துப் பாருங்கள். மாவு ஒன்றுதான். தோசையில் முறுகல்தான் தூக்கும், ஊத்தப்பத்தில் உள்மாவுதான் ருசி. ஒல்லி சுருட்டில் மேல் இலையின் ருசி தூக்கலாக இருக்கும், குண்டில் உள் இலைதான் பேசும்.

கணக்கு போட்டே பார்த்துவிடலாம். வெளிநாடுகளில் சுருட்டு பருமனை அளக்க ஒரு அங்குலத்தை 64 பங்காகப் பிரிக்கிறார்கள். 32 என்றால் அரை அங்குலம், 48 என்றால் முக்கால் அங்குலம். அரையில் இருந்து முக்காலுக்குப் போனால் மேல் இலை ஒன்றரை மடங்குதான் கூடும். ஆனால் மொத்தப் புகையிலையோ இரண்டே கால் மடங்கு! இந்த இரண்டே கால் மடங்கை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

நீளம் என்ன செய்யும்?

நீள சுருட்டில் புகை வாய்க்கு வருவதற்குள் எரியாத இலை வழியாக ரொம்ப தூரம் பயணம் செய்கிறது. அதனால் முதலில் ஆறிப்போய் மிதமாக வரும். வரும் வழியில் தாரையும் நிகோடினையும் அந்த இலையிலேயே கொஞ்சம் விட்டுவிட்டு வரும். கங்கு நெருங்க நெருங்க அந்த சேர்மானமும் சேர்ந்து எரியும். அடிச்சுருட்டு காரமும் கசப்புமாக இருப்பது இதனால்தான். 7 அங்குல நீளம், 47 பருமன் உள்ள சுருட்டுக்கு 'சர்ச்சில்' என்றே பெயர். சுருட்டும் வாயுமாகவே போட்டோவில் நிற்கும் இங்கிலாந்து பிரதமர் பெயர்தான் அது. ஒன்றைப் பிடித்து முடிக்க ஒரு மணி நேரம் தாண்டும்.

முனை கூராக இருந்தால்? கூர் முனையில் பற்ற வைத்தால் கங்கு சின்னதாகத் தொடங்கி போகப் போக விரியும், ருசியும் மாறிக்கொண்டே வரும். வாய்ப்பக்கம் கூராக இருந்தால் புகை குவிந்து வரும் என்பார்கள். இதில் பாதி பேச்சு, பாதிதான் நிஜம் என்று தோன்றுகிறது. இலை மட்டமாக இருந்தால் எந்த வடிவமும் காப்பாற்றாது. இறுக்கிச் சுற்றிவிட்டால் கன்னம் குழிய இழுத்தாலும் புகை வராது.

உலகுக்கு பெயர் கொடுத்த தமிழ்

நம்ம ஊர் சுருட்டுக்கு இந்த கூரும் கிடையாது, மூடியும் கிடையாது. இரண்டு முனையும் வெட்டிவிட்டு ஒரே சீராக இருக்கும். வெளிநாட்டு சுருட்டு மாதிரி தலையைக் கத்தரிக்க தனியாக கருவி தேட வேண்டாம். இந்த மாதிரி சுருட்டுக்கு இங்கிலீசில் 'செரூட்' என்று பெயர். அந்த வார்த்தையே நம்ம 'சுருட்டு'வில் இருந்து போனதுதான். உறையூரில் சுற்றிய திருச்சி சுருட்டு வெள்ளைக்காரன் காலத்தில் லண்டன் வரை போனது. 1887-ல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலைகாரன் பிடித்தது திருச்சி சுருட்டு என்று சாம்பலை வைத்தே துப்பறிகிறார் ஹோம்ஸ்!

முனை திறந்தே இருப்பதால் எந்தப் பக்கமும் பற்ற வைக்கலாம். விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் கடலோர கிராமங்களில் ஒரு படி மேலே போய், நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் பழக்கம் உண்டு. அதிலும் பெண்கள் அதிகம். அந்த சூடு நேராக மேல் அண்ணத்தில் படுகிறது. அங்கே அண்ணத்தில் புற்றுநோய் வருவதை டாக்டர்கள் பல வருடமாக எழுதி வருகிறார்கள்.

'சாது' என்பது யாருக்கு?

இப்போது அந்த இரண்டே கால் மடங்குக்கு வருவோம். குண்டு சுருட்டு சூடு கம்மி, நாக்கைக் கடிக்காது, அதனால் கெடுதலும் கம்மி என்று நினைத்துத்தான் பலர் சிகரெட்டை விட்டு இதற்கு மாறுகிறார்கள். சிகரெட் ஒன்றில் 1 கிராமுக்கும் குறைவாகத்தான் புகையிலை. பெரிய சுருட்டில் 5 முதல் 20 கிராம் வரை இருக்கும். அதாவது சிலதில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் புகையிலை அப்படியே இருக்கிறது.

"நான் உள்ளே இழுக்கிறதே இல்லையே" என்பார்கள். எங்க தாத்தாவும் இதைத்தான் சொல்வார். ஆனால் சுருட்டுப் புகை கார ரகம். நுரையீரலுக்குப் போகாமலே நிகோடின் வாய்த்தோல் வழியாக ரத்தத்தில் ஏறிவிடும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் எல்லாவற்றிலும் புற்றுநோய் வரும். காரமாக இருந்தால் நாலு இழுப்பில் தூக்கிப் போடுவான். சாதுவாக இருப்பதால்தான் ஒரு மணி நேரம் வாயிலேயே கிடக்கிறது.

துபாயில் இருந்து வரும் மச்சான் டூட்டி ஃப்ரீ பெட்டி கொண்டு வந்து நீட்டினாலும் கணக்கு இதேதான்.

வீட்டில் சுருட்டு பிடிக்கும் பெரியவர் இருந்தால் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, 2 வாரம் ஆகியும் ஆறாத புண் இருந்தால் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் காட்டிவிட வேண்டும். பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு புகையிலை பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் இலவச எண்: 1800 11 2356.