நைஜீரியாவில் வழக்குத் தொடரும் தகுதி

நைஜீரியச் சட்டத்தில் வழக்குத் தொடரும் தகுதி என்பது ஒரு பிரச்சினையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவர ஒருவருக்கு உள்ள உரிமையாகும். இதன் இலத்தீன் பெயர் லோகஸ் ஸ்டாண்டி. குறை நியாயமானதா என்று ஆராய்வதற்கு முன்பே, அதைக் கொண்டுவந்தவர் உரியவர்தானா என்பதை நீதிமன்றம் பார்க்கிறது. தகுதி இல்லையெனில், வழக்கை விசாரிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லாமல் போகிறது.

சட்ட அடிப்படை

ஒருவருடைய உரிமைகள், கடமைகள் பற்றிய கேள்விகளைத் தீர்க்கும் அதிகாரத்தை 1999 அரசியலமைப்பின் 6 ஆம் பிரிவு நீதிமன்றங்களுக்கு வழங்குகிறது. 1979 அரசியலமைப்பிலும் இவ்விதி இருந்தது. தம் சொந்த உரிமை பாதிக்கப்பட்டது அல்லது பாதிக்கப்படும் நிலையில் உள்ளது என்று வாதி காட்ட வேண்டும் என இதற்குப் பொருள் கொள்ளப்பட்டது. எடுத்துக்காட்டாக, தம் நிலத்தில் அத்துமீறி நுழைந்தவர் மீது அதை அனுபவித்து வருபவர் வழக்குத் தொடரலாம். தொடர்பில்லாத அயலார் தொடர முடியாது. தகுதி உண்டா என்பது வாதியின் மனுவில் உள்ள செய்திகளைக் கொண்டே முடிவு செய்யப்படும். இந்த ஆட்சேபத்தை மேல்முறையீட்டிலும் எழுப்பலாம்.

அடேசன்யா வழக்கு (1981)

கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தின் தலைவராக நீதிபதி ஓவி-விஸ்கியைக் குடியரசுத் தலைவர் நியமித்தார். அந்நியமனம் அரசியலமைப்புக்கு முரணானது என்று செனட்டர் ஆபிரகாம் அடேசன்யா வழக்குத் தொடர்ந்தார். செனட் அவையில் இதே நியமனத்தை அவர் எதிர்த்திருந்தார். எனினும் அவருடைய சொந்த உரிமை எதுவும் பாதிக்கப்படவில்லை என்று கூறி, அவருக்குத் தகுதி இல்லை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியமனம் சரியா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. பொதுமக்கள் அனைவருக்கும் பொதுவான குறையை யார் கேட்பது என்ற சிக்கலை இத்தீர்ப்பு வெளிப்படுத்தியது.

தளர்வுகள்

1986 இல் பத்திரிகையாளர் டெலே கிவா பொட்டலக் குண்டால் கொல்லப்பட்டார். அவருடைய நண்பரும் வழக்கறிஞருமான கனி ஃபவெஹின்மி, இக்குற்றத்தில் தனியார் வழக்குத் தொடர முயன்றார். அவருக்குத் தகுதி உண்டு என்று 1987 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இது குற்றவியல் தொடர்பானது என்றாலும், பழைய இறுக்கம் தளரத் தொடங்கியதைக் காட்டியது.

2009 இல் வந்த அடிப்படை உரிமைகள் நடைமுறை விதிகள், மனித உரிமை வழக்கு எதையும் தகுதியின்மையைக் காரணம் காட்டித் தள்ளக்கூடாது என்கின்றன.

எண்ணெய் மாசு வழக்கு (2018)

அபியா மாநிலத்தின் அச்சா பகுதியில் எண்ணெய்க் கசிவால் ஓடைகள் மாசடைந்ததாகக் கூறி, ஓர் அரசு சாரா அமைப்பு நைஜீரிய தேசிய பெட்ரோலியக் கழகத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. ஓடைகளைத் தூய்மைப்படுத்துதல், குடிநீர், மருத்துவ வசதி ஆகியவற்றை அது கோரியது. அமைப்புக்குத் தனிப்பட்ட பாதிப்பு இல்லை என்று கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் மறுத்தன. உச்ச நீதிமன்றம் அம்முடிவை மாற்றி, சுற்றுச்சூழலைக் காக்கும் பொதுநல வழக்கைத் தொடர அதற்குத் தகுதி உண்டு என்றது. கசிவுக்கு யார் பொறுப்பு என்பதை இத்தீர்ப்பு முடிவு செய்யவில்லை; அக்கேள்வியை நீதிமன்றத்தில் எழுப்ப வழி திறந்தது.

இன்றைய நிலை

நிலம், ஒப்பந்தம் போன்ற தனியார் வழக்குகளில் சொந்தப் பாதிப்பைக் காட்ட வேண்டும் என்ற விதி தொடர்கிறது. தேர்தல் முடிவை எதிர்த்து மனு அளிக்கும் உரிமையும் போட்டியிட்ட வேட்பாளர்களுக்கும் கட்சிகளுக்கும் மட்டுமே உண்டு. சாதாரண வாக்காளருக்கு இல்லை.